தொடையில் கவிழ்த்த ஓடு

போன்ட்டே ஃபுண்டா பண்ணை மாளிகையைச் சுற்றிக் காட்டும் வேலையில் டெல்ஃபினோ பத்தொன்பது வருடம் இருந்தார். முன்பக்கம் பதினான்கு சன்னல்கள், கருங்கல் படிகள், பளிங்கென்று நம்பும்படி வண்ணம் தீட்டிய மண்சுவர்கள், மாடியில் ஒரு சிற்றாலயம். காப்பியில் சம்பாதித்த பிரபு கட்டியது. காப்பி போனபின் மாடுகள் வந்தன. மாடுகளும் போனபின் சனிக்கிழமைப் பயணிகள். முற்றத்தின் ஓரத்தில் சன்னலே இல்லாத நீண்ட கொட்டடி ஒன்று உண்டு. அதில் அடைபட்டிருந்த அடிமைகளின் வழிவந்தவர் டெல்ஃபினோ. ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊரே அப்படித்தான்.

சுற்றின் முடிவில் பழைய ஓடு ஒன்றை எடுத்துத் தன் தொடைமேல் கவிழ்ப்பார்.

"ஒவ்வொரு ஓடும் எங்க ஆளுங்க தொடையில வச்சு வளைச்சதுங்க. குண்டன் செஞ்சது அகலம், நோஞ்சான் செஞ்சது ஒடுக்கம். அதான் கூரை கோணலா நிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள்.

அது பொய். அந்தக் கூரையைப் பிரித்து மேய்பவன் நான். ஓடு இரண்டரைச் சாண் நீளம். எந்தத் தொடைக்கும் அடங்காது. மர அச்சில் வளைத்தவை. ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நீ கூரையைப் பாரு, நான் சிரிப்பைப் பாத்துக்கறேன்."

நானும் சிரித்தேன்.

சூன் மாதத் திருவிழாவுக்கு எங்கள் மாதா கோவில் பாடற்குழுவை மாளிகைக்கு அழைத்திருந்தார்கள். டெல்ஃபினோவின் அக்கா சுல்மிரா குழுவில் முன்வரிசை. பாடி முடித்து, வெளியூர் விருந்தாளிகளோடு எல்லோரும் படிக்கட்டில் நின்றபோது, மாளிகைக்குச் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மா சொன்னார்:

"டெல்ஃபினோ, விருந்தாளிங்களுக்கு அந்த ஓட்டுக் கதையைச் சொல்லேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். "பசியோட இருப்பாங்கம்மா. இன்னொரு நாள்..."

"ரெண்டு நிமிஷம்தானே."

ஓட்டை எடுத்தார், கவிழ்த்தார், தாழ்ந்த குரலில் சொன்னார். விருந்தாளிகள் சிரித்தார்கள். ஒருவர், "காலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, படம் எடுத்துக்கறேன்" என்றார். அவர் நீட்டினார்.

"டேய் தம்பி," என்றாள் சுல்மிரா. "நம்ம வீட்டுல குண்டன் யாரு, நோஞ்சான் யாரு? பேரைச் சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

அவருக்கு ஓட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. எதிரே நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மர அச்சைப் பற்றிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "பழசே நல்லாயிருந்துச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. டெல்ஃபினோ பழையதற்குத் திரும்பவில்லை.

ஆனால் அக்கா வீட்டுப் பக்கமும் போகவில்லை. மூன்று ஞாயிறு வேறு ஊர்க் கோவிலுக்குப் போனார். நான்காம் ஞாயிறு எங்கள் கோவிலுக்கு வந்தார். சுல்மிரா திரும்பிப் பார்த்து, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் அதைப் பார்த்தார். பூசை முடியும்வரை கதவருகிலேயே நின்றுவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே இறங்கிப் போனார்.