தம்பி கொடுத்த ரத்தம்

அலெக்ஸாந்திரியா டிராமில் இன்ஸாஃபும் நானும் ஒன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஓட்டுவேன், அவள் டிக்கெட் கிழிப்பாள். புருஷனை விட்டு வந்தவள். பிள்ளை கிடையாது. கடற்கரைப் பக்கம் அப்பா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவள் இருந்தாள். கீழே தம்பி ஷவ்கி, அவன் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். ஷவ்கிக்கு வீட்டுச் சாமான் தூக்குகிற வேலை. பீரோவைத் தனியாளாக முதுகில் கட்டி ஆறு மாடி ஏற்றிவிடுவான்.

நாற்பது வயதில் அவள் முகம் வெளுக்க ஆரம்பித்தது. மூன்று பெட்டிகளையும் நடந்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பயணிகள் சும்மா விடுவார்களா?

"என்ன எலுமிச்சம்பழம், இன்னும் இங்க வந்து சேரலையா?" என்பான் ஒருவன்.

"பிழிஞ்சாத்தான் புளிக்கும்பா. காசை எடு," என்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ரத்தசோகை என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஈரல் வறுத்துத் தின்றாள். கரும்புப் பாகைக் கரண்டி கரண்டியாகக் குடித்தாள். ஒரு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் வண்டி நின்றதும் படியிலிருந்து இறங்கினவள் அப்படியே மடிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஆறுதான் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. பல வருஷமாக யாரும் பார்க்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு அவற்றைத் தின்றிருந்தது. டாக்டர் நெர்மீன் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"புது ரத்தம் ஊறணும்னு எலும்புக்குச் சொல்லி அனுப்புறது சிறுநீரகம்தான். சொல்ல ஆள் இல்லேன்னா எலும்பு சும்மா கிடக்கும். ஈரலை மூட்டையாத் தின்னாலும் ஏறாது."

"அப்ப நான் தின்ன ஈரலுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?" என்றாள் இன்ஸாஃப்.

வாரம் ஒருமுறை தோலுக்கடியில் ஒரு ஊசி. மாதம் ஒருமுறை இரும்புச் சத்து நரம்பு வழியாக. இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இப்படி ஓட்டலாம், பிறகு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற எந்திரம்தான். அதற்குள் ரத்த உறவில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் எந்திரத்துக்கே போக வேண்டாம் என்றார் டாக்டர்.

அவளைப் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்திருந்த நாளில் ஷவ்கி எழுந்து நின்றான். "எங்க அக்காவுக்கு என் சிறுநீரகம். இதுல பேச்சே கிடையாது," என்று நெஞ்சில் அடித்துச் சொன்னான். பெண்கள் குலவையிட்டார்கள். அவன் மனைவி மட்டும் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சோதனைகளில் பொருத்தமும் வந்தது. ரத்தம் பத்தைத் தாண்டட்டும், அறுவை சிகிச்சைக்குத் தேதி வைக்கலாம் என்றார் டாக்டர்.

முதல் இரண்டு மாதத்தில் எட்டரைக்கு ஏறிவிட்டது. டிராமில் பழையபடி அவள் குரல் கேட்டது. ஊசி மருந்தைக் காப்பீட்டு மருந்தகத்தில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். "நீ எதுக்குக்கா அங்க போய் நிக்கிற? நான் வாங்கியாறேன்," என்றான் ஷவ்கி. அந்த மாதத்திலிருந்து அவனே வாங்கி வந்தான்.

அந்த மாதத்திலிருந்தே ரத்தம் இறங்கியது.

டாக்டர் அளவைக் கூட்டினார். எங்காவது ரத்தம் கசிகிறதா, கிருமி இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"மருந்தை எங்க வைக்கிறீங்க? உறைய விடலையே?"

"ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, முட்டைக்குப் பக்கத்துல. எழுத்துத் தெரியாதவளா நான்?" இன்ஸாஃபுக்குக் கோபம் வந்துவிட்டது.

சிலருக்கு இந்த மருந்து எடுபடாது என்றார் டாக்டர். ரத்தம் ஏற்றிவிடுங்களேன் என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். "கூடிய மட்டும் ஏத்தக் கூடாது. அடுத்தவங்க ரத்தம் போனா உடம்பு முறுக்கிக்கும். அப்புறம் சிறுநீரகத்தைச் சேர்க்காது." நான்கு மாதம் தேதி தள்ளிக்கொண்டே போனது.

ஐந்தாம் மாதம், நோன்பு நாட்களில், மதிய வண்டியில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு சுண்ணாம்பாக இருந்தது. வண்டியை நடு வழியில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் அருகிலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரத்தம் நாலு. இப்போதே ஏற்றாவிட்டால் இதயம் நின்றுவிடும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஷவ்கி ஓடி வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் அவள் முகத்தைவிட வெளுத்தது. சட்டைக் கையைச் சுருட்டினான்.

"என் ரத்தத்தை எடுங்க. ஒரே வகைதான். வேற எவன் ரத்தமும் அவளுக்கு வேண்டாம்."

எடுத்து, சோதித்து, அன்று சாயங்காலமே ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள்.

அதன்பிறகு ரத்தம் தானாக ஏறியது. ஏழு, எட்டரை, மூன்றாம் மாதம் பத்தரை. தம்பி ரத்தம் வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. காப்பிக் கடையில் ஷவ்கியிடம் காசு வாங்க மாட்டோம் என்றார்கள். அவனே டாக்டரிடம் போய், "தேதி வைங்க டாக்டரம்மா. நாளைக்கே வேணும்னாலும் படுத்துக்கிறேன்," என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அவன் அழுததை நான் பார்த்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை. அவள் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது. முடிவு வந்த அன்று மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"முடியாது," என்றார் நெர்மீன். "போன தடவை ஒத்துப்போச்சு. இந்தத் தடவை அவங்க ரத்தம் உங்க அணுக்களைத் தேடித் தேடிக் கொல்லுது. அன்னிக்கு ஏத்தினது உங்க ரத்தம். உடம்பு அதை அடையாளம் கண்டு வச்சுக்கிச்சு. உங்க சிறுநீரகத்தை வச்சா அறுவை மேஜையிலேயே கறுத்துடும். வேற யாருதுன்னாகூடப் பார்க்கலாம். உங்களது முடியாது."

வேறு யாரும் இல்லை.

அவளை வீட்டில் விடப் போனேன். மாடிப் படியில் பாதியில் அவள் இளைப்பாற உட்கார்ந்தாள். கீழே நின்ற ஷவ்கி சுவரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தான்.

"மருந்தகத்துல சொன்னாங்கக்கா, உறைஞ்சா அது வெறும் தண்ணின்னு. நாலு மாசம்... என் வீட்டு ஃப்ரீசர்ல வச்சு, உருகினப்புறம்தான் உன்கிட்ட குடுத்தேன். ரத்தம் ஏறலேன்னா தேதி வராதுன்னு நெனச்சேன். நீ சாகற அளவுக்குப் போவேன்னு நெனக்கல. ரத்தம் குடுத்த அன்னிக்கே நிறுத்திட்டேன். சத்தியமா நிறுத்திட்டேன்."

இன்ஸாஃப் படியில் இருந்தபடியே அவனைக் குனிந்து பார்த்தாள்.

"தர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன்டா. அவ்வளவுதான்."

"எல்லாரும் இருக்கறப்ப வாய விட்டுட்டேனேக்கா. முதுகு போச்சுன்னா என் புள்ளைங்க என்ன தின்னும்? மன்னிச்சுக்கோ."

"இதை இப்ப எதுக்குச் சொன்ன? கேட்டு நான் என்ன பண்ண? உன் நெஞ்சுல கெடந்த கல்லை என் மாடியில ஏத்தி வச்சுட்டுப் போற. ஏத்துறதுதானே உன் தொழிலு."

அவள் எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "ரகப் அண்ணே, வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது."

"அவன் புள்ளைங்களுக்காகவா?"

"புள்ளைங்களுக்கு என்ன? ஊரு அவனைப் புகழட்டும். காப்பிக் கடையில காசு வாங்காம குடுக்கட்டும். அவன் குடிக்கட்டும். தினம் குடிக்கட்டும்."

அப்படியே நடந்தது. எட்டு மாதத்தில் அவள் எந்திரத்துக்குப் போனாள். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். ஊசியை அங்கே நர்ஸே போட்டதால் ரத்தம் பத்துக்குக் குறையவில்லை. நிலையத்தில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு அவளை மாற்றினார்கள். ஷவ்கி தினமும் மாடியேறிக் கதவைத் தட்டுவான். அவள் திறக்க மாட்டாள். தெருவில் எதிர்ப்பட்டால், நாலு பேர் கேட்க, "எனக்கு ரத்தம் குடுத்த தம்பி," என்று சிரித்துச் சொல்லுவாள். அவன் தலை குனிவான். அடக்கமான பிள்ளை என்பார்கள். ஒரு வருஷத்தில் அவனால் பீரோ தூக்க முடியாமல் போயிற்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள்.

நான்கு வருஷம் இருந்தாள். பிப்ரவரி மாதக் குளிரில், எந்திரத்துக்குக் குழாய் சொருகும் கையில் சீழ் பிடித்து, மூன்றே நாளில் போய்விட்டாள்.

துக்கப் பந்தலில் ஷவ்கி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். "உன்னை மாதிரித் தம்பி யாருக்கு வாய்க்கும்?" என்று தோளைத் தட்டிப் போனார்கள். என் முறை வந்தது. அவன் என் கண்ணையே பார்த்தான். அவளைத் தவிர அந்த விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று அந்தப் பார்வை கெஞ்சியது. திட்டினாலும் போதும் போலிருந்தது அவனுக்கு.

எங்கள் ஊரில் துக்கத்துக்குச் சொல்வதையே சொன்னேன்.

"அவ விட்டுப்போன ஆயுசு உனக்குச் சேரட்டும்."

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்தார்கள்.