சுத்தமான இரத்தம்

சாதகம் பார்த்து முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் என் படிப்புக்கு மதிப்பு வந்தது. தங்கையின் சாதகமும் மாப்பிள்ளையின் சாதகமும் நன்றாகப் பொருந்துகின்றன என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டார். பெண்ணுக்கு இருக்கிற வலிப்பு இரத்தத்தில் இல்லை, பேரப்பிள்ளைகளுக்குப் போகாது என்று ஒரு றிப்போட் வேண்டுமாம். அதற்கு வெளியில் அலையத் தேவையில்லை, மூத்தவள் அந்தப் படிப்புத்தானே படித்திருக்கிறாள், அவளே எழுதித் தரட்டும் என்றாராம்.

மூத்தவள் நான். மூலக்கூற்று உயிரியல் படித்து, வலிப்பு நோயின் மரபணுக்களை ஆராய்கிறேன். வேலை கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் என்றாலும், இரத்த மாதிரி சேகரிக்க கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று ஊர் ஊராக அலைவேன். இரத்தக் குழாய்களைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக என்னிடம் ஒரு ரெஜிபோம் பெட்டி இருக்கிறது. மீன் வியாபாரிகள் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டுகிற அதே வெள்ளைப் பெட்டி. ஒருமுறை தண்ணீரூற்றுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு அம்மா வந்து, பாரை மீன் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இரத்தம்தான் இருக்கிறது என்றேன். பஸ் வரும்வரை அவர் என் பக்கமே திரும்பவில்லை.

தங்கைக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் வலிப்பு தொடங்கியது. காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை என்றார் ஒருவர். மத்தியானத்தில் குளக்கட்டால் தனியே போனவள், முனி அடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். பரம்பரையில் யாருக்கோ இருந்திருக்கும், மறைத்துவிட்டார்கள் என்று எங்கள் காதில் விழும்படி கதைத்தவர்களும் உண்டு. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அதனால் அம்மாவின் இடுப்பில் எப்போதும் ஒரு திறப்புக் கோர்வை தொங்கும். துணுக்காயில் எங்கள் வீட்டில் பூட்டுவதற்கு இருந்தது ஒரேயொரு அலுமாரி. திறப்புகளோ ஒரு பிடி. அவை கிலுங்கினால் தங்கை எங்கோ விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தின் மேல் இருந்த வெறுப்பில்தான் இந்தப் படிப்புக்குப் போனேன். யார் சொல்லும் காரணத்தையும் ஏற்கமாட்டேன், நானே உள்ளே பார்ப்பேன் என்ற வீம்பு.

உள்ளே பார்த்தால் விஷயம் இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிற டி.என்.ஏ. ஒரு நீண்ட எழுத்து வரிசை. சிலருக்கு அதில் ஒரு எழுத்து மாறியிருக்கும். மூளை நரம்புகளின் போக்குவரத்து அதனால் குழம்பும். சிலருக்கு எழுத்தெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் எழுத்தின் மேல் மெதைல் என்ற சின்னஞ்சிறு கூறு ஒட்டியிருக்கும். எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதன் ஓசை அடங்குவது போல, அது ஒட்டிய இடத்தில் மரபணு பெரும்பாலும் அடங்கிப்போகும். இதைத்தான் மெதைலேற்றம் என்கிறோம். வயது, சாப்பாடு, புகை, மருந்து எல்லாம் இந்தப் புள்ளிகளை வைக்கவும் அழிக்கவும் கூடும். ஒரே குடும்பத்தில் சிலருக்கு வலிப்பு வந்து சிலருக்கு வராமல் விடுவது எதனால், எங்கே எழுத்து, எங்கே புள்ளி என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. முழு விடை எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், வன்னி மக்களின் இரத்தம் என்றால் யுத்தத்தின் தழும்பு அதில் இருந்தே தீரும், அதைத் தேடு என்றார். தேடுகிறேன், இருந்தால் சொல்கிறேன், இருந்தே தீரும் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டால் என் குழாய்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவருக்கும், ‘முனி அடித்தது’ என்றவருக்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயபுரத்துக்காரர், உழவு இயந்திரம் திருத்துகிறவர். அறுவடைக் காலத்தில் துணுக்காய்க்கு வேலைக்கு வருவார். தங்கை சந்தியில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவர் காற்சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுக்க வந்த நேரம் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. கூடியவர்கள் இரும்பு தேடி ஓட, அவர் தையல் இயந்திரத்தைத் தள்ளி வைத்து, அவளைச் சரித்துப் படுக்கவைத்து, கண் விழிக்கும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறார். அதன் பிறகு அந்தக் காற்சட்டைக்கு ஓயாத வேலை. ஒரு கிழமை இறுக்க வேண்டும், மறு கிழமை இளக்க வேண்டும். துணி நைந்துபோகும் கட்டத்தில்தான் வீட்டுப் பெரியவர்களைக் கதைக்க அனுப்பினார்.

அப்படி இருவரும் விரும்பிய கலியாணம்தான் இப்போது என் றிப்போட்டில் தொங்கியது. எழுதிக் கொடு என்றார் அம்மா. முடியாது என்றேன். நான் பார்ப்பது ஆராய்ச்சி. கலியாணத்துக்கு முத்திரை குத்தும் வேலையல்ல. இரத்தத்தில் இருக்கிற புள்ளி மூளையிலும் அப்படியே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. வலிப்புக்கு அவள் தினமும் விழுங்குகிற குளிசைகூடப் புள்ளியை மாற்றிவிடும், அதை வைத்து நான் என்னத்தை எழுத என்று தொலைபேசியில் கத்தினேன். சுத்தமான இரத்தம் என்று இந்த உலகத்தில் யாருக்கும் இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப நீ இவ்வளவு படிச்சு எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டார். நான் சொன்ன எல்லாவற்றிலும் அவர் மனதில் ஒட்டியது குளிசை மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள் நான் பெட்டியோடு ஊருக்கு வந்தேன். திங்கட்கிழமை முல்லைத்தீவில் மாதிரி எடுக்கும் வேலை இருந்தது. வீட்டில் கொஞ்ச நாளாகவே மச்சம் மாமிசம் இல்லை, மரக்கறிதான் என்று தங்கை முறைப்பட்டாள். கோயில் திருவிழாவுக்கு விரதம் இருப்பது போல அம்மா அவளைக் காலையில் மஞ்சள் தண்ணீரில் முழுகவும் வைத்திருந்தார். நல்ல காரியம் நடக்கப்போகிற வீடு, இருக்கட்டும் என்று நினைத்தேன். தங்கை சரியாக நித்திரை கொண்டவள் மாதிரித் தெரியவில்லை.

ஞாயிறு காலை மாப்பிள்ளையும் தாயும் மாமனும் வந்து விறாந்தையில் இருந்தார்கள். தங்கை தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் குனிந்தபோது அவளுடைய கண்கள் ஒரு பக்கம் இழுத்தன. தட்டு விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள். அம்மாவின் திறப்புகள் கிலுங்கின. மாமன் இரும்பு, இரும்பு என்று எழும்பினார். நான் கதிரைகளை இழுத்து விலக்க, மாப்பிள்ளை தன் சால்வையை அவள் தலைக்குக் கீழே வைத்து அவளைச் சரித்துப் பிடித்தார். இரண்டு பேருக்கும் வேலை தெரிந்திருந்தது.

வலிப்பு அடங்கி அவள் பாயில் அயர்ந்துபோனதும் குளிசையை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். கிளினிக்கில் கொடுத்த குளிசை அட்டைகள் உடைக்கப்படாமல் இருந்தன. அம்மாவைப் பார்த்தேன்.

"ரத்தம் துப்பரவா இருக்கட்டும் எண்டுதான் பிள்ளை நிப்பாட்டினனான். நீ சொன்னதெண்டு அவளிட்டச் சொன்னனான்" என்று அழுதார். எப்படியாவது நான் மனம் மாறி அவள் இரத்தத்தைப் பார்ப்பேன், அந்த நேரம் அதில் ஒரு புள்ளியும் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

என் வாழ்நாளில் அவர் மேல் அப்படிக் கோபம் வந்ததில்லை. வலிப்புக்காரர் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். அம்மா கெடுதல் நினைக்கவில்லை, கோயிலுக்கு உடம்பைச் சுத்தம் செய்வது போல இரத்தத்தையும் சுத்தம் செய்யப் பார்த்தார், அதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் குறையவில்லை. கிளினிக் டொக்டருக்குப் போன் எடுத்தேன். நன்றாக விழித்ததும் வழமையான குளிசையைக் கொடு, திரும்ப வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்றார்.

விறாந்தைக்கு வந்தேன். மாப்பிள்ளையின் தாய் இன்னும் போகவில்லை. கெட்ட மனுஷியும் இல்லை. உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் பிழையாக் கேக்கேல்லைப் பிள்ளை. பேரப்பிள்ளையளுக்கு வந்திடுமோ எண்டு பயமா இருக்கு. அதுதான் றிப்போட்."

வரலாம், வராமலும் விடலாம், பெரும்பாலும் வராது, ஆனால் அதற்கு மேல் சத்தியம் செய்து எழுதித்தர எந்த ஆய்வுகூடத்தாலும் முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் ஒரு கடதாசித் துண்டு இருந்தால் நல்லதுதானே என்றார். அத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே போய் ரெஜிபோம் பெட்டியைத் தூக்கி வந்து, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

"எழுதித் தாறன் மாமி. ஆனா அவளின்ர மட்டும் இல்லை, இஞ்ச இருக்கிற எல்லாற்ற ரத்தத்தையும் பாத்துத்தான் எழுதுவன். நீங்கள், மாமா, மாப்பிள்ளை, அம்மா, நான். ஆரில என்ன இருக்கெண்டு எல்லாரும் அறிவம். முதல் ஆர் கை நீட்டுறியள்?"

மாமன் முற்றத்தில் நின்ற வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய் கையைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டார். ஒரு நல்ல தாய், முழுக் குடும்பத்தையும் காப்பாற்றுகிறவர், தன் இரத்தத்தில் என்ன இருக்குமோ என்று முதல்முறையாகப் பயந்ததைக் கண்டேன். எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை மட்டும் சேட்டுக் கையை மடித்துக் கையை நீட்டினார். நான் ஊசியைத் தொடவில்லை. தொடும் எண்ணமும் இருக்கவில்லை.

"பெட்டியை மூடு அக்கா."

தங்கை அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, கடித்த நாக்கோடு, ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"எல்லாரும் என்ர ரத்தத்திட்டக் கேக்கிறியள். என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

அது எனக்கும் சேர்த்துச் சொன்னது. பெட்டியை மூடினேன். மாப்பிள்ளை மடித்த கையோடு எழும்பி, எல்லோருக்கும் முன்னால், "உமக்கு என்னைக் கட்ட விருப்பமோ?" என்று கேட்டார்.

தங்கை அம்மாவைப் பார்த்தாள். "முதல் குளிசையைப் போட்டிட்டுச் சொல்லுறன்" என்றாள்.

அம்மா இடுப்பில் திறப்புகள் கிலுங்க அலுமாரிக்கும் குசினிக்குமாக ஓடினார். குளிசையையும் ஒரு பேணி தண்ணீரையும் நீட்டினார். அவள் குளிசையை விழுங்கி, தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். பேணியை அம்மாவிடம் கொடுத்தாள். பதிலை மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருடைய தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம். ஆனா றிப்போட் வராது, மாமி."