கிரேன் கட்டிய பதினொரு பெட்டிகள்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கும் வேலையில் முப்பது வருஷம் போட்டவர் அவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கிரேன். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி இறக்கிய காலத்தில் வந்த பெயர். அதைக் காப்பாற்றுவதற்காகவே மனுஷன் ஆயுளில் ஒரு தடவைகூட ‘வலிக்குது’ என்று சொன்னதில்லை. முதுகு பிடித்துக்கொண்டாலும் ஒண்ணுமில்ல, கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் ஒண்ணுமில்ல. பெரிய வீரமாம்! அப்படி ஒண்ணுமில்லாத ஒரு இருமல்தான் கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்து, இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. வேறெங்கும் பரவவில்லை, பிழைத்தார்.

எட்டு மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சை அடைத்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தது. குனிந்து செருப்பு மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. போதாக்குறைக்கு, நெஞ்சுக்குள்ளிருந்து கடமுடாவென்று சத்தம். டிவி பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

“என்னங்க சத்தம்?”

“நாற்காலி.”

“நீங்க சோபாவுல உக்காந்திருக்கீங்க.”

“அப்போ சோபா.”

அவருக்குச் சந்தேகமே இல்லை. புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. போன தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினொரு நாள் உட்கார்ந்து அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போனது. பாவம், இன்னும் கொஞ்ச நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். மூடியவர் சும்மா இருந்தாரா? தான் போன பிறகு அவள் அக்கா வீட்டுக்குத்தான் போவாள், தனியாகச் சாமான் கட்டத் திண்டாடுவாள் என்று அதையும் அவரே முடிவு செய்தார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் பகல் நேரங்களில், பின்னறையில் பெட்டி பெட்டியாகக் கட்டி அடுக்கினார். ஒரு பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்பார். அதுவும் ஒண்ணுமில்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. குடை தேடிப் பின்னறைக்குப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பத்துப் பெட்டிகளில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ‘அக்கா வீட்டுக்கு’ என்று இருந்தது. பதினொன்றாவதில் ‘கொடுத்துவிடலாம்’. அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவருடைய சட்டைகள். யாருக்கோ போகப்போகிற சட்டைகளுக்குக்கூடக் கழுத்து மடங்காமல் காகிதம் திணித்திருந்தார் புத்திசாலி.

“இதெல்லாம் என்னங்க?”

ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நெஞ்சு கடமுடா என்று போட்டுக்கொடுத்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்.

“புற்றுநோய் திரும்ப வரல. இதோ தெரியுதே, இது உங்க இரைப்பை. நுரையீரல் எடுத்த பக்கம் இடம் காலியாச்சு. உணவுக்குழாய் கீழ இறங்குற துளையும் அகலமாயிடுச்சு. அது வழியா இரைப்பை மேல ஏறி நெஞ்சுக்குள்ள வந்திருக்கு. இதுவும் ஒரு ஹெர்னியாதான், குடலிறக்கம் மாதிரி. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் எப்பவாவது ஒருத்தருக்கு வரும். கனமா ஏதாவது தூக்கினீங்களா?”

“பதினொரு பெட்டி, டாக்டர்,” என்றாள் மனைவி.

“நல்லா ஏத்தி விட்டிருக்கார். இன்னும் விட்டா முறுக்கிக்கும், உயிருக்கே ஆபத்து. நாளைக்கே கீழ இறக்கி, துளையைத் தைச்சாகணும்.”

கிரேனுக்கு மானம் போயிற்று. பெட்டியில் காலி இடம் விட்டால் சாமான் நகரும் என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் கத்தியவர், தன் நெஞ்சுக்குள் நகர்ந்ததைத் தெரிந்துகொள்ளாமல் சாவுக்கு மூட்டை கட்டியிருக்கிறார்.

“எல்லாருக்கும் ஹெர்னியா கீழ இறங்கும். எனக்கு மட்டும் பாரு, மாடி ஏறியிருக்கு,” என்று சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவும் இல்லை.

ஆபரேஷனுக்கு அழைத்துப்போகத் தள்ளுகட்டில் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“ஊரார் வீட்டுக் கண்ணாடி டம்ளரையெல்லாம் உடையாம கொண்டுபோய்ச் சேர்த்தீங்க. என்கிட்ட சொன்னா நான் உடைஞ்சுடுவேன்னு நினைச்சீங்களா? எனக்குன்னு பத்துப் பெட்டி கட்டினீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“இப்ப வலிக்குதா?”

முப்பது வருஷப் பழக்கம், ஒண்ணுமில்ல என்பது உதடுவரை வந்து நின்றது. அதை விழுங்கினார்.

“வலிக்குது,” என்றார். “ரொம்ப வலிக்குது. பயமாவும் இருக்கு.”

அவள் கட்டில் கம்பியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க, எங்க வலிக்குது?”

தள்ளுகட்டில் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். எங்கெங்கே வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார் கிரேன்.