மூலைப் பீப்பாய்

வைன் தோட்டத்துக்குப் போவோமா என்று கணவர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் பியர் கூடத் தொடாதவர். நான் வெள்ளிக்கிழமை விரதக்காரி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். கணவரோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர், ஹண்டர் பள்ளத்தாக்கில் தன் மாமாவின் தோட்டத்தில் திராட்சை அறுவடை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பழம் வெட்டி, சாப்பிட்டு, வைனும் ருசி பார்த்துப் போகலாம் என்று அழைத்திருந்தார். அவருடைய முந்திய அழைப்புகளுக்கெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருந்தோம்.

"இந்த முறையும் மாட்டம் எண்டால் அந்த மனுசன் இனிக் கூப்பிடாது," என்றார் கணவர்.

"போவம். ஆனா நான் ஒரு சொட்டும் வாயில வைக்க மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"வைக்க வேண்டாம். கிளாஸைத் தூக்கி மூக்கில பிடிச்சு மணந்திட்டு வையும். ஆரும் கவனிக்க மாட்டினம்."

இந்த யோசனை அவருடையதுதான் என்பதைப் பிறகு அவருக்குப் பல தடவை ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

நாங்கள் முந்திரிகை என்று சொல்லும் திராட்சைக் கொடி எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் அதைப் பந்தலில் படரவிட்டு, அண்ணாந்து நின்று வெட்டுவார்கள். இங்கே இடுப்பளவு உயரக் கம்பிகளில், மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். அவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வாளியும் சின்னக் கத்திரியும் வாங்கி நானும் இறங்கினேன். சாறு பட்டு விரல்கள் ஒட்டின, ஈ மொய்த்தது, முதுகு நொந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அந்த மாமா, தோட்டத்துப் பெரியவர், எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். வெயிலில் சிவந்து வெந்த கழுத்து. இலைகளுக்குள் ஒரு கையை விட்டுக் குலையைத் தாங்குவார், மறு கையால் வெட்டுவார். ஒரு பழமும் கீழே விழாது. பேசிக்கொண்டே, எங்களைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் செய்தார். நான் என் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்படியில் நானும் கெட்டிக்காரிதான், ஆனால் இப்படியொரு கைப்பழக்கம் எனக்கு வருமா என்று தெரியவில்லை.

வெயில் ஏறியதும் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டை ஒட்டிய மரநிழலில் நீள மேசை போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் வெள்ளை வைன்களை ஒவ்வொன்றாக ஊற்றித் தந்தார் பெரியவர். அவருடைய மனைவி, மெலிந்த, சுறுசுறுப்பான அம்மா, பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு போத்தல் திறந்ததும் அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "இதில் எலுமிச்சை வாசம், இல்லையா?" என்பார். "ஆமாம், எலுமிச்சை," என்பார் பெரியவர். "இதில் தேன்." "ஆமாம், தேன்." பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல அவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நான் பேசி வைத்தபடி கிளாஸைத் தூக்கினேன், ஆற அமர மணந்தேன், கீழே வைத்தேன். ஆரும் கவனிக்க மாட்டார்கள் என்றாரே என் கணவர்! பெரியவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். "நீங்கள் மூக்காலேயே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறீர்கள். பெரிய நிபுணர்கள்தான் அப்படிச் செய்வார்கள்," என்றார் மரியாதையாக. கணவருக்குச் சிரிப்பில் புரையேறியது.

நிபுணத்துவம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் விரத நாளில் சாமிக்குப் படைக்கும் வரை சமையலை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, பதம் எல்லாவற்றையும் சட்டியில் எழும்பும் ஆவியை வைத்தே பிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிப் பழகி, மற்ற நாட்களிலும் ருசி பார்க்காமல் சமைப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும் என்று சும்மா சிரித்து வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குசினியிலிருந்து கருகல் வாசம் வந்தது. பெரியவரின் கதிரை குசினி வாசலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அசையவில்லை. மேசையின் மறு கோடியிலிருந்த அந்த அம்மா எழுந்து ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். ஆப்பிள் பை ஒரு பக்கம் கரியாகியிருந்தது. அந்த அம்மா அதைச் சுரண்டிக்கொண்டே படபடவென்று பேசினார். இரண்டு வருஷத்துக்கு முன் ஆலங்கட்டி மழை முழுக் கொடியையும் அடித்துப் போட்டதாம். போன அறுவடையின் சிவப்பு வைன்தான் இப்போது பீப்பாய்களில் இருக்கிறதாம். புதுப் பழச்சாற்றுக்கு இடம் வேண்டுமென்பதால், நாளைக் காலை அதையெல்லாம் ஒரே தொட்டியில் கலந்து போத்தலில் அடைக்கப் போகிறார்களாம். "அது நன்றாக விற்றால் தோட்டம் எங்களிடம் நிற்கும். இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார். இரண்டு வாரமாக அறுவடையிலேயே கிடந்து, பீப்பாய்ப் பக்கம் தான் எட்டியும் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

அந்த அம்மா பாத்திரம் கழுவ நின்றுவிட, பெரியவர் எங்களைப் பீப்பாய்க் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். வெளியே அனல், உள்ளே கோயில் மண்டபம் மாதிரிக் குளிர். ஒரு கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு உறிஞ்சி எடுத்து, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதல் இரண்டு பீப்பாய்களும் நன்றாக இருந்தன. பிறகு மூலையிலிருந்த பீப்பாய்க்குப் போனார்.

கிளாஸ் மூக்குக்கு வருமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. வினாகிரி என்று நாங்கள் சொல்லும் வினிகரும் நகப்பூச்சும் சேர்ந்த மணம். மற்றவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்து, "அருமை" என்றார்கள். எங்களை அழைத்தவரும் தலையாட்டினார். பெரியவர் முகம் மலர்ந்து, "நாளைய கலவைக்கு இதுதான் முதுகெலும்பு," என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுசன் வருஷம் முழுக்கப் பாடுபட்டது நாளைக்கு நாசமாகப் போகிறது, இவர்கள் நின்று அருமை என்கிறார்களே!

"இது பழுதாகிவிட்டது. வினாகிரி," என்றேன்.

கணவர் என் காதருகே குனிந்தார். "நீர் சும்மா இரும். வந்த இடத்தில..."

"சும்மா இருந்தா நாளைக்கு எல்லாத்தையும் இதோட கலக்கப் போகினம். அதுக்குப் பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "நிச்சயமாகவா?"

"ஓம்," என்று தமிழிலேயே வந்துவிட்டது. தலையையும் ஆட்டினேன்.

அவர், எங்களை அழைத்த தன் மருமகனிடம் மற்ற விருந்தினர்களை வெளியே கூட்டிப் போகச் சொன்னார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் இருவரிடமும் சொன்னார். போன குளிர்காலக் காய்ச்சலோடு மணம் போய்விட்டதாம். மணத்தோடு ருசியும் போயிற்று. இறைச்சி, பழம், தன் சொந்த வைன், எல்லாம் ஈரக் கடதாசி மாதிரித்தான். வெளியே தெரிந்தால் இந்தத் தோட்டத்து வைனை எவன் வாங்குவான்?

"உங்கள் மனைவிக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனால் அவளைக் கேட்டால் எல்லாம் நல்லது என்பாள். எனக்கு நோகக் கூடாதென்று. இத்தனை மாதங்களில் என்னிடம் கூடாது என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. எழுந்து கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்து, மிச்சப் பீப்பாய்களையும் மணந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும்! ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூலைப் பீப்பாயைத் தவிர ஒன்றும் கெட்டிருக்கவில்லை. கடைசிப் பீப்பாயை மணந்தபோது எனக்கு வாயூறியது.

"இது நல்லது. நல்ல நல்லது."

"எப்படி இருக்கிறது? சொல்லுங்கள்."

இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை. கணவரிடம் திரும்பினேன். "நாவற்பழம் எண்டு சொல்லுங்கோ. பிறகு மிளகு. வறுக்கேக்க வாற மணம்."

கணவர் பாலம் கட்டத் தெரிந்தவர், நாவற்பழத்துக்கு என்ன செய்வார் பாவம். நாக்கை நீலமாக்குகிற ஒரு பழம் என்று சமாளித்தார். மிளகு என்றதும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "மிளகா? அப்படியானால் அது ஓடைக்கரைக் கொடி. என் அப்பா நட்டது," என்றார். அந்தப் பீப்பாயைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் மூலைப் பீப்பாயை விலக்கிவிட்டு மற்றவற்றைக் கலந்தார்களாம். அந்த வைன் நன்றாக விற்றது என்று மருமகன் சொன்னார். குளிர்காலம் தொடங்கியபோது பெரியவரும் மனைவியும் சிட்னிக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கையில் ஒரு பெரிய போத்தல். மூலைப் பீப்பாயை அப்படியே விட்டு முழு வினாகிரியாக்கியிருந்தார்கள். "இதாவது உங்களுக்குப் பயன்படும்," என்றார் அந்த அம்மா.

திறந்து மணந்தேன். முதல் தரம். அப்போதே கடுகை அரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கரட்டும் அந்த வினாகிரியில் போட்டு அச்சாறு ஊறுகாய் செய்தேன். நன்றாக ஊறவில்லைதான். விருந்தாளிகள் கிளம்பிப் போகுமுன் கொடுக்க வேண்டுமே.

பெரியவர் சோற்றையும், வெள்ளைக்காரருக்கென்று நான் காரம் குறைத்த கறிகளையும் மரியாதையோடு விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபடி, அச்சாற்றில் ஒரு கரண்டி அவர் தட்டில் வைத்தேன். வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. முகம் சிவந்தது. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா பதறி எழுந்து தண்ணீருக்கு ஓடப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்து இருத்தினார்.

"எனக்குத் தெரிகிறது," என்றார். "வாயில் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது."

பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.