கைப்பைக்குள் ஒரு கொப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூக்கண்டு முறிப்பதை நான் ஒருநாளும் களவு என்று நினைத்ததில்லை. செட்டிபாளையத்தில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: கேட்டு வாங்கி நட்ட கண்டு நோஞ்சானாய் நிற்கும், ஆள் பார்க்காத நேரம் முறித்துக்கொண்டு வந்த கொப்பு தளதளவென்று வரும். என் முற்றத்தில் மாஜரின் டின்னிலும் வெட்டிய பெயின்ட் வாளியிலும் நிற்பவற்றில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். கோயில் வளவு, ஆஸ்பத்திரி வாசல், செத்தவீடு, எதையும் நான் விட்டுவைத்ததில்லை. என் முற்றத்திலிருந்தும் கொப்புகள் போகத்தான் செய்கின்றன. பக்கத்து வீட்டு மச்சாள் வந்து போன பிறகு நான் போய்ச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் நான் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பு என் தலையில்தான் இருந்தது. பிள்ளைகளின் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்த கை இது. கள்ளப் பேனை ஒன்று அகப்பட்டால் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன். என் வாய்க்குப் பயந்து, ஒழுங்கையில் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

மகளுக்குப் பதிவு எழுத்து முடிந்து, ஆவணியில் கலியாணம் என்று நாள் பார்த்திருந்த நேரம் அது. மருமகன் தன்னாமுனை ஊர்ப் பிள்ளை. குருநாகல் பக்கம் சில வருசம் வேலை பார்த்ததால் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வீட்டாரும் ஒரு வேன் பிடித்து மலைநாட்டுக்குப் போய் வருவோம் என்று சம்மந்தி அம்மாதான் ஆசைப்பட்டார். அங்கே ஒரு பெரிய பூங்கா, அதற்குள்ளேயே சிலைத் தோட்டமும் இருக்கிறதாம். என் மனுசன் வட்டையில் நெல்லுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

வெளிக்கிடுகிற அன்று காலையில் மகள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அம்மா, இஞ்ச பாருங்க. அங்க போய் ஒரு இலையிலயும் கை வைக்கப்படாது. மாமி ஆக்கள் பாத்துக்கொண்டு இருப்பாங்க.”

“எனக்கென்ன விசரா கா?” என்றேன்.

“என்ர தலையில கை வச்சுச் சொல்லுங்க.”

வைத்தேன். சிரித்துக்கொண்டுதான் வைத்தேன். அவளின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இனிக் காலம் முழுக்க என் கூரைக்குக் கீழே இருந்து, என் கையால் சோறு தின்று, என்னைப் பார்க்கப்போகிற மனுசன். அவர் கண்ணில் நான் கள்ளியாகத் தெரிந்தால், என் பிள்ளை தன் சொந்த வீட்டிலேயே தலை குனிந்து நடக்க வேண்டி வரும்.

பூங்காவுக்குள் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தேன். என்ன மரங்கள், என்ன பூக்கள்! பெயர் தெரியாத ஓர்கிட் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் பெயர்ப் பலகை. உள்ளங்கை அரித்தது, பொய் சொல்லவில்லை. மகள் திரும்பித் திரும்பி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் கூட வந்தது, பெத்த தாயை ஒரு பிள்ளை இப்படியா பார்க்கிறது என்று.

சிலைத் தோட்டம் ஒரு சரிவுக்கு அப்பால் இருந்தது. புல்வெளியில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிலைகள். வயிற்றில் ஓட்டையோடு ஒரு இரும்பு மாடு. தலையில்லாத ஒரு ஆள். ஒரு வேன் அளவு பெரிய சீமெந்துக் கை.

“இதென்ன சம்மந்தி, செஞ்சு முடிக்கல்லியோ?” என்று சம்மந்தி அம்மா இரகசியமாய்க் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் படித்தவள் அல்லவா, “அது அப்பிடித்தான் செய்யிறது” என்று சொல்லிவைத்தேன்.

எல்லோரும் அந்தக் கைக்குள் ஏறியிருந்து போட்டோ எடுக்கப் போனார்கள். எனக்கு முழங்கால் நோ. அதனால் ஒரு மரத்தடியில் பின்தங்கினேன். அங்கேதான் அவள் இருந்தாள். கறுப்புக் கல்லில் ஒரு பெரிய மனுசி, காலை நீட்டிக்கொண்டு, மீன் வெட்டி முடித்து ஆறியிருக்கிற எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே இருந்தாள். முகம் சரியாகச் செதுக்கவில்லை. மடி மட்டும் குழிந்திருந்தது. அந்தக் குழியில் மண் நிறைந்து, மண்ணில் ஒரு செடி. பிகோனியா சாதி. இலைக்கு மேலே வெள்ளிப் புள்ளி, கீழே பீட்ரூட் நிறம். அப்படி ஒன்றை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. சுற்றிப் பார்த்தேன், அதற்குப் பெயர்ப் பலகை இல்லை. பலகை இல்லாவிட்டால் அது தோட்டத்துச் செடி இல்லை, தோட்டத்துச் செடி இல்லாவிட்டால் யாருடையதும் இல்லை என்று என் மனம் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரு கொப்பை முறித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஒன்றோடு விட்டிருக்கலாம். ஒன்று அழுகினாலும் மற்றது தப்பும் என்பது என் வழக்கம். இரண்டாவதை முறித்துக் கையில் எடுத்த நேரம் விசில் ஊதியது.

ஐயோ, அந்தச் சத்தம்! சரிவிலிருந்து ஒரு காவலாளி ஓடி வந்தார். இரண்டு கொப்புக்காக ஒரு மனுசன் இப்படியும் ஓடுவானா என்கிற மாதிரி ஓட்டம். வந்த வேகத்தில் என் கையைக் காட்டிக் கத்தினார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் ‘ஹொரா’ என்றால் கள்ளன் என்று இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? புல்வெளியில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். சீமெந்துக் கைக்குள்ளிருந்து சம்மந்தி அம்மா எட்டிப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போனால் நல்லது என்றிருந்தது.

மருமகன்தான் ஓடி வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். காவலாளி என் கையில் இருந்த கொப்பைப் பறித்தார். பிறகு என் தோளில் கிடந்த பையைக் காட்டி ஏதோ சொன்னார். மருமகன் ஒருதரம் பையைப் பார்த்தார், ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பேசினார். அந்தப் பேச்சில் இரண்டே சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. ஒன்று ‘அம்மா’. மற்றது ‘பிஸ்ஸு’. அந்தச் சொல்லும் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு விசர், பைத்தியம் என்று சொல்கிறார்!

காவலாளி வாயை மூடிக்கொண்டார். என்னை உற்றுப் பார்த்தார். மருமகனும் பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று எனக்கு விசர் இல்லை என்றால் நான் கள்ளி, பையும் திறக்கப்படும். அப்படியே கல்லு மனுசியின் காலடியில் குந்தினேன். அவளின் கல்லுப் பாதத்தைத் தடவினேன்.

“சோறு திண்டியா மனே? ஏன் மனே இப்பிடித் தனிய இருக்காய்?” என்று கேட்டேன்.

நடிப்பு அவ்வளவு இலேசாய் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது, பாவம், தாயை நினைத்து அழுகிற பிள்ளை.

காவலாளி குனிந்தார். என் முழங்கையைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல எழுப்பினார். கையை விடவே இல்லை. வாசல் வரைக்கும் என்னை நடத்திக்கொண்டு வந்தார். மேடு வந்தால் நின்றார், படி வந்தால் காலைக் காட்டினார். சம்மந்தி அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானோ வாயைக் கொஞ்சம் திறந்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக நடிக்க வேண்டியிருந்தது.

வாசலில் வைத்து, என்னிடம் பறித்த கொப்பை அவர் ஈரப் பேப்பரில் சுற்றி, அடியில் கொஞ்சம் சிவப்பு மண்ணும் வைத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். மருமகனோடு நெடுநேரம் கதைத்தார். கதைக்கும்போது தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள், நான் இறங்கவில்லை. மருமகன் ஒரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, வேன் கதவில் சாய்ந்து நின்றார்.

“அந்தக் காவல்கார அண்ணன்ட அம்மாவும் இப்பிடித்தானாம் மாமி,” என்றார். “அந்தத் தோட்டத்திலதான் புல்லுப் புடுங்கிற வேல செஞ்சவவாம். வயசு போக மறதி வந்து, பெத்த பிள்ளையையே தெரியாமப் போயிட்டாம். ஒரு நாள் இவரோட வந்த இடத்தில, அந்தச் சிலைட மடியில ஒரு கொப்ப ஊண்டிட்டுப் போனாவாம். அதுதான் அந்தக் கண்டு. தோட்டத்துப் பெரியாக்கள் புடுங்கி எறியச் சொன்னதாம். இவர்தான் கெஞ்சி வச்சிருக்கார். தண்ணி ஊத்துறதும் இவராம்.”

“தாய் இருக்காவாமா?”

“நான் கேக்கல்ல மாமி.”

தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தேன். கள்ளி என்று கத்தியபோது வந்த வெட்கம் ஒரு வெட்கமே இல்லை. என் முழங்கையில் இருந்த அந்தக் கையை நினைத்தேன். அந்த மனுசன் தன் தாயைப் பிடிக்கிற பிடியை எனக்குத் தந்திருக்கிறார். நான் அதை வாங்கிக்கொண்டு, பைக்குள் அவரின் தாய் ஊன்றிய செடியில் இன்னொரு கொப்பையும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். சீ என்று போயிற்று எனக்கே என்னை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “என்ர தலையில கை வச்சீங்களேம்மா.”

அவர் தந்த கொப்பைக் கிணற்றடியில், நல்ல பூச்சாடியில், மாட்டெருப் போட்டு நட்டேன். கைப்பைக்குள் இருந்ததை எறிய மனம் வரவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு டின்னில் ஊன்றிவிட்டு, திரும்பியும் பார்க்கவில்லை. நடந்ததைக் கேளுங்கள். பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டது தண்டு கறுத்து அழுகிப்போயிற்று. டின்னில் கிடந்தது வெள்ளிப் புள்ளியோடு குத்துக்குத்தாய் இலை விட்டது. ஒழுங்கைச் சனம் சொல்கிற கதை என் வீட்டில் இப்படியா பலிக்க வேண்டும்! வீட்டில் ஆளில்லாத ஒரு நேரம், அழுகினதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றதைப் பூச்சாடியில் மாற்றி நட்டேன்.

ஆவணியில் கலியாணம் முடிந்து மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். வீட்டுக்கு யார் வந்து ‘இது எங்க எடுத்த?’ என்று கேட்டாலும் அவரே முந்திக்கொண்டு சொல்வார், “மாமிக்கு ஒரு அண்ணன் ஆசையாத் தந்தது.” அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

போன கிழமை அது பூத்தது. இளஞ்சிவப்பில் கொத்தாய்த் தொங்குகிறது. மருமகன் வாளியும் கையுமாய்க் கிணற்றடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“மாமி, பூத்திட்டு பாத்தீங்களா? போட்டோ எடுத்து வச்சிருக்கன். தைப்பொங்கல் லீவுக்குப் போவம். அந்த அண்ணனுக்குக் காட்டினா எவ்வளவு சந்தோசப்படுவார்.”

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

“மருமகன், அது அவர் தந்த கொப்பில்ல,” என்றேன். “அவர் தந்தது அழுகிப்போச்சு. நான் அண்டைக்கு ரெண்டு முறிச்சனான். இது என்ர கைப்பைக்குள்ள இருந்தது.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு அதிசயமும் இல்லை.

“எனக்குத் தெரியும் மாமி. பைட சிப்புக்கு வெளிய இல தெரிஞ்சுகொண்டு நிண்டது. அவர் பையத் திறக்கத்தான் சொன்னவர். அத்தின பேருக்கு முன்னால திறந்தா, நீங்க மறுகா எங்கட முகத்த எப்பிடிப் பாப்பீங்க? அதான் வாயில வந்ததச் சொல்லிட்டன்.”

அப்போ, முதல் நிமிசத்திலேயே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் என்னை அம்மா என்றிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் என் சோற்றைத் தின்று, என் களவுக்குத் தண்ணீர் ஊற்றி, வருகிறவர்களிடம் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் நிற்கவைத்துப் பேசிய தாய்மார்களின் முகமெல்லாம் அந்த நேரம் பார்த்துக் கண்முன் வந்தது.

“போவம் மருமகன்,” என்றேன். “ஆனா இந்தமுறை விசரியா வரமாட்டன். கள்ளியாத்தான் வாறன். நான் சொல்லச் சொல்ல நீங்க அவருக்குச் சிங்களத்தில சொல்லுங்க.”

அவர் வாளியைத் திரும்பக் கையில் எடுத்தார்.

“அந்தச் சொல் என்ர வாயால வராது மாமி.”

“அந்தச் சொல் எனக்குச் சிங்களத்திலயே தெரியும்,” என்றேன். “அத நானே சொல்றன்.”