இரண்டு சுவிட்சுக்கு மூன்று வழி

கனடாவில் சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். நம் ஊரில் கீழே அமுக்கிப் பழகிய விரல், இங்கே வந்து இத்தனை வருடமாகியும் முதலில் கீழேதான் போகிறது. எங்கள் வின்னிப்பெக் வீட்டில் இந்தத் தொல்லை இல்லாத ஒரே இடம் பேஸ்மென்டுக்கு இறங்கும் படிக்கட்டு. மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், இரண்டுக்கும் நடுவில் ஒரே விளக்கு. எதை எப்படித் தட்டினாலும் எரிவது அணையும், அணைந்தது எரியும். எனக்கு அது பிடித்திருந்தது, அப்பா வந்து சேரும்வரை.

அப்பா இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஆறு மாத விசாவில் எங்களைப் பார்க்க வந்தார். வந்த அன்றே வீடு முழுக்கச் சுற்றி, எரிந்த விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார். இது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிடித்த பழக்கம். அங்கே எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளியில் ஒரே பல்பைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பமும் வெளிச்சம் எடுத்துக்கொண்டோம். சுவிட்ச் எங்கள் பக்கம் இருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா விளக்கை அணைத்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வசவு வரும். காலையில் பால் வெட்டப் போகிறவன் எப்போது தூங்குவது என்று இந்தப் பக்கமிருந்து பதில் போகும். தினமும் இது நடந்தது. அந்த அக்கா இருட்டில் முள் எடுத்து மீன் சாப்பிடப் பழகிவிட்டார்.

வின்னிப்பெக் குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஒருநாள் என் கணவர் ரவி துவைத்த துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தபோது, மேலே வந்த அப்பா யாருமில்லாமல் விளக்கு எரிகிறதே என்று தட்டிவிட்டார். ரவி ஏறிய படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினார். கணுக்கால் வீங்கிவிட்டது. கூடைக்கு ஒன்றுமில்லை.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "டிக்கட்ட மாத்திக் குடு புள்ள, நான் போயிர்றேன்" என்றார். "பகலெல்லாம் பேச ஒரு ஆளு இல்ல. வெளக்க அமத்துறதுதான் எனக்கு இங்க வேல. அதும் ஒருத்தன் கால ஒடைக்கிது."

நான் எட்டு வருடம் கேட்டுக் கேட்டு வரவழைத்த மனிதர். விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது அழுதது இன்னும் முகத்தில் காயவில்லை. அதற்குள் போகிறேன் என்கிறார். ரவி ஐஸ் கட்டியைக் காலில் வைத்துக்கொண்டே, குற்றம் மாமாவில் இல்லை, சுவிட்சில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். போனிலும் குரலிலும் இயங்கும் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டால், யார் அணைத்தாலும் நின்ற இடத்திலிருந்தே எரியவைக்கலாமாம். வாங்குவது அவர் யோசனை, சுவரில் பூட்டுவது என் தலையில். கணினியோடு நாள் முழுக்க இருக்கிற மனிதருக்குக் கரண்ட் என்றால் பயம்.

கடையில் "டூ வே சுவிட்ச்" கேட்டேன். நம் ஊரில் அதற்கு அதுதான் பெயர். அப்படி ஒன்று கிடையாது என்றான் விற்பனைப் பையன். எத்தனை சுவிட்ச் என்று கேட்டான். இரண்டு என்றேன். எத்தனை விளக்கு? ஒன்று. "அப்படியானால் அது த்ரீ வே" என்றான். நான் மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினேன். அவன் பொறுமையாக மூன்று விரலைக் காட்டினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ ஏலம் போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, "ரெண்டு சுவிச்சுக்கு எதுக்கு புள்ள மூணு வழி?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பிரேக்கரை அணைத்து, கீழ்ச் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் பூட்டினேன். ரவி ஆங்கிலத்தில் ஆணையிட்டார். விளக்கு எரிந்தது. கை தட்டினோம். அப்பா பழக்கதோஷத்தில் மேல் சுவிட்சைத் தட்டினார். விளக்கும் போனது, ஸ்மார்ட் சுவிட்சும் உயிர் விட்டது. அதைக் காணவில்லை என்று போன் அறிவித்தது. அப்பா மறுபடி தட்ட, அது எழுந்து வந்தது. நடந்ததைச் சொன்னால் அவர் மனம் உடையும் என்று நானும் ரவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "மறுபடியும் நான்தானா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

அடுத்த வீட்டு மிகோலாவைக் கூப்பிட்டேன். உக்ரேனிலிருந்து வந்து பல வருடமான, தனியாக வாழும் கிழவர். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடக் கொஞ்சம் மோசம், தன்னம்பிக்கை பல மடங்கு அதிகம். டெஸ்டரோடு வந்து கம்பிகளை இழுத்துப் போட்டார். அப்பா டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "மாத்தயா, கரண்ட் தியெனவத?" என்று கேட்டார். ஐயா, கரண்ட் இருக்கிறதா என்று, சுத்தமான சிங்களத்தில். மிகோலா உக்ரேனிய மொழியில் நீளமாகப் பதில் சொன்னார். அப்பா "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டினார். இப்படியே வேலை முடிந்தது. அதன் பிறகு விளக்கு அணைய மறுத்துவிட்டது. எந்தச் சுவிட்சுக்கும் அது கட்டுப்படவில்லை. இருவரும் அதன் கீழே திருப்தியாக நின்றார்கள்.

ஏன் சிங்களம் என்று அப்பாவிடம் கேட்டேன். "வெளியாளுககிட்ட வேற எதுல பேசுறது?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், அரசாங்கக் கச்சேரியில், லயத்தை விட்டு இறங்கினால் எங்கும் அவருக்குச் சிங்களம்தான். லயத்துக்குள் தமிழ், வெளியே சிங்களம். கனடாவும் லயத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

அன்று மாலை கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எந்தச் சுவிட்ச் பெட்டிக்கு நேரடியாகக் கரண்ட் வருகிறதோ அங்கேதான் புதிய சுவிட்ச் இருக்கவேண்டும், மற்றதில் பழையதே இருக்கலாம் என்றது. எங்கள் வீட்டில் கரண்ட் வந்தது மேல் பெட்டிக்கு. நான் பூட்டியது கீழே. அதனால்தான் மேலே அப்பா தட்டும்போதெல்லாம் கீழே அது பட்டினி கிடந்திருக்கிறது. இடத்தை மாற்றிப் பூட்டினேன். மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் போனில் சொன்னாலும் விளக்கு சொன்னபடி கேட்டது. அப்பாவைக் கூப்பிட்டு, இனி நீங்கள் அணைத்தாலும் யாரும் விழமாட்டார்கள் என்றேன்.

அவர் குரல் கேட்டு விளக்குப் போடும் ஸ்பீக்கரின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். "நோனா, லைட் எக தான்ன" என்றார். அம்மணி, லைட்டைப் போடுங்கள். அது 'லைட்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, எந்த விளக்கு என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டது. நாம் தமிழில் பேசும்போது சொல்கிற "லைட் ஒன்" போதும், அதற்கு விளங்கும் என்றேன்.

"அது நம்ம ஆளா புள்ள?" என்றார்.

டிக்கட்டை மாற்றச் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை. அதற்குக் காரணம் சுவிட்ச் அல்ல. மறுநாள் காலை மிகோலா, தான் செய்த வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். அப்பா தேத்தண்ணி ஊற்றினார். அதன் பின் தினமும் இருவரும் பனி தள்ளினார்கள், சிங்களத்திலும் உக்ரேனிய மொழியிலும் பேசினார்கள், சில நாட்களில் சண்டையும் போட்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டால் அப்பா, விலைவாசி என்றார்.

ஆறு மாதம் முடிந்து விமான நிலையத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா இம்புட்டுத் தூரம் ஏலாது புள்ள. நீங்க வாங்க" என்றார்.

இப்போது காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிகோலா "கொஹொமத?" என்று நலம் விசாரிக்கிறார். நான் "ஹொந்தாய்", நலம் என்கிறேன். தனக்குத் தமிழ் தெரியும் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். திருத்தத்தான் நினைத்தேன். ஆனால் இந்த ஊரில் இருக்கிற இலங்கைத் தமிழர்களே என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்கள் இந்தியாவா என்று கேட்கிறார்கள். மிகோலாவின் வாயிலிருந்து தெரணியகலை பஸ் ஸ்டாண்டு வருகிறது. அதை எதற்கு நிறுத்துவது?

நேற்று பனி தள்ளுவதை நிறுத்திவிட்டு, "தாத்தா எனவத?" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அப்பா வருகிறாரா என்று கேட்கிறார். கேட்கச் சொல்லிக் கொடுத்ததே அப்பாவாகத்தான் இருக்கும்.

"எனவா" என்றேன். வருகிறார். தமிழில் கேட்டிருந்தால் என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.