ஜெரூஷா ஆடிய இரண்டு ஆட்டங்கள்

ஜெரூஷாவுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. பெருங்களத்தூரில் அவளைத் தெரிந்தவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பள்ளியில் கபடி ஆடத் தொடங்கியவள், வளர்ந்ததும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் அணியில் ஒப்பந்த ஆட்டக்காரியாகச் சேர்ந்தாள். எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதில் அவளை மிஞ்ச அந்த அணியில் ஆளில்லை.

உடம்பைத் தேற்றிக்கொள்ள நாவலூரில் ஒரு ஜிம்முக்குப் போனாள். அதை நடத்திய டெனிஸ், ஒரு நாள் அவள் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டி, தொங்கிய பையைக் குத்தச் சொன்னான். குத்தினாள். டெனிஸ் சிரித்தான்.

"கபடிய நான் வுட சொல்லல. அதுவும் ஆடு, இதுவும் ஆடு. ரெண்டுக்கும் உன்கிட்ட உடம்பு கீது."

கபடிப் பயிற்சியாளர் சம்பந்தம் கேள்விப்பட்டுக் கோபப்பட்டார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? கபடிக்கு வெயிட்டு வோணும். அவன் வெயிட்ட எறக்குன்னுவான். நடுவுல உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"ஒப்பந்தத்துல கூடாதுன்னு இல்லையே சார்?" என்று கேட்டாள் ஜெரூஷா. இல்லைதான்.

முதல் வருடம் இரண்டிலும் ஜெயித்தாள். சபையில் நன்றி ஜெபத்தின்போது போதகர் அவள் பெயரைச் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆட முடியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதிலாக நின்றாள். அவளைப் போல ஆக வேண்டும் என்று சின்னப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அக்கா ஜெயசீலி மட்டும் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சேலையூரில் ஆசிரியை. பெற்றோர் போன பிறகு சகோதரிகள் இருவர்தான் அந்த வீட்டில். குத்துச்சண்டை நெருங்கினால், எடையைக் குறைக்க ஜெரூஷா தண்ணீரைக் கூடத் தொட மாட்டாள். வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடி வியர்வையை வடிப்பாள். சண்டை முடிந்து வீங்கிய முகத்தோடு வந்து, முட்டையும் கறியுமாக உள்ளே தள்ளி, மறுபடி எடை ஏற்றிக்கொண்டு கபடிக்குக் கிளம்புவாள்.

ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்தவள், வாசித்து முடித்த வசனத்தையே திரும்ப வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை. குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "ஆமென்" என்றாள். ஜெயசீலி அவள் நெற்றியில் கை வைத்தாள்.

"ஜெரூ, தலை வலிக்குதா?"

"கொஞ்சம். தூக்கம் சரியில்ல."

"டாக்டர்கிட்ட போலாம்மா."

"படப்பை மேட்ச் முடியட்டும்க்கா. போலாம்."

படப்பை மைதானத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. ஜெரூஷா கபடி பாடிக்கொண்டே எதிரணிக்குள் போனாள். ஒருத்தியின் தோளைத் தொட்டாள். குனிந்து இன்னொருத்தியின் காலைத் தொட்டாள். திரும்பி நடுக்கோட்டைத் தாண்டினால் போதும். அவள் எதிரணியின் கடைசிக் கோட்டை நோக்கி ஓடினாள்.

பிடிக்க வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் விலகி நின்றார்கள். கோட்டைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போய், இரண்டு கைகளையும் உயர்த்தி ஜெரூஷா துள்ளினாள். நடுவர் அவளை அவுட் என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் வாய் மட்டும் இன்னும் கபடி, கபடி என்று பாடிக்கொண்டிருந்தது.

சம்பந்தம் சிரிக்கவில்லை. வேகமாக வந்து அவள் தோளைப் பிடித்தார்.

"ஏம்மா, நம்ம பக்கம் எது?"

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். "விளையாடாதீங்க சார்," என்றாள். கையை மட்டும் எந்தப் பக்கமும் நீட்டவில்லை.

அவர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ஜெயசீலியைப் போனில் கூப்பிட்டார். மறுநாள் காலையில் டெனிஸும் கூப்பிட்டான். "அடுத்த வாரம் ஃபைட்டு இருக்குக்கா. டிக்கெட்லாம் வித்தாச்சு. அனுப்பி வைங்க." ஜெயசீலி போனை வைத்துவிட்டாள்.

"யாரக் கேட்டு வெச்ச?" என்று ஜெரூஷா கத்த வந்தாள். பாதி வார்த்தை குழறியது. அது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினாள்.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ஒரே அடியில் வந்ததில்லை, பல அடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்றார் டாக்டர். காய்ந்த உடம்போடு வாங்கிய அடிகள். அவை ஆறுவதற்குள் கபடியில் மேலும் பட்ட அடிகள். அடுத்த வாரச் சண்டையைப் பற்றி ஜெயசீலி சொன்னபோது, அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, "நல்ல வேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க," என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மழித்த தலையோடு படுத்திருந்தவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டும் வேணாம் மேடம். ஏதாச்சும் ஒண்ணு?"

டாக்டர் தலையசைத்து மறுத்தார். ஜெரூஷா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஜெயசீலி ஊட்டிய கஞ்சியை அவள் விழுங்கவே இல்லை.

முடி கொஞ்சம் வளர்ந்திருந்த நாளில், அணியில் அவளுடைய இடத்துக்கு வந்திருந்த சினேகா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். துறுதுறுப்பான பெண். நலம் விசாரித்தாள். ஜெயசீலி டீ போட உள்ளே போனதும் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, சண்டைக்கு முன்னாடி வெயிட்ட எப்படிக்கா எறக்குனீங்க? டெனிஸ் அண்ணா உங்கள கேக்க சொன்னாரு."

ஜெரூஷா எழுந்து உட்கார்ந்தாள். இடது கை சொன்னபடி கேட்காததால் நேரம் பிடித்தது. படப்பையில் நடந்தது, தேங்கிய ரத்தம், மண்டையில் போட்ட துளை, எல்லாவற்றையும் சொன்னாள். தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினாள். சினேகா பார்த்தாள்; கண் கலங்கினாள்.

"பாவம்க்கா நீங்க," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எல்லாருக்கும் அப்படி ஆவாது இல்லக்கா? நீங்களே ஒரு வருஷம் ரெண்டுலயும் ஜெயிச்சீங்களே."

ஜெரூஷா அவள் முகத்தைப் பார்த்தாள். சினேகாவின் மேலுதடு வெடித்துக் காய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

ஜெயசீலி டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்க்கா," என்று எழுந்துகொண்டாள் சினேகா. "நாளைக்கு ஃபைட்டு. தண்ணி கூட குடிக்கல."